இரண்டாவது இணைப்பைக் காத்திருக்க விடுங்கள்

இரண்டு இணைய இணைப்புகளை ஒரே ரவுட்டரில் சேர்க்க நினைப்பவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "அப்படியென்றால் வேகம் இரண்டு மடங்காகுமா?" என்பதைத்தான். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 'லோட் பேலன்ஸிங்' என்ற சொல்லும் அந்த ஆசைக்கே தூபம் போடுகிறது. பதுளை, பண்டாரவளை, பசறை, லுணுகலை, வெலிமடை என்று ஊவாவின் மலைகளில் இருப்பவர்கள் இந்த எண்ணத்தோடு ரவுட்டர் வாங்கினால், கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்காது என்பது என் முடிவு. இங்கே இரண்டாவது இணைப்பு முதலாவதோடு சேர்ந்து ஓட வேண்டியதில்லை. முதலாவது அறும்வரை சும்மா இருந்து, அறுந்த கணத்தில் வேலையை ஏற்றுக்கொண்டால் போதும். இப்படி முடிவெடுத்துவிட்டால் எந்தப் பெட்டியை வாங்குவது, யாருடைய இணைப்பை இரண்டாவதாக எடுப்பது, மிச்சக் காசை எதில் போடுவது என்பதெல்லாம் மாறிவிடுகிறது. டிபி-லிங்க் நிறுவனத்தின் ஈஆர்605 என்ற சிறிய ரவுட்டரை முன்னால் வைத்துக்கொண்டு அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

ஈஆர்605 ஒரு பாடப்புத்தகத்தைவிடச் சிறிய பெட்டி. ஐந்து ஈதர்நெட் போர்ட்கள், ஐந்தும் ஜிகாபிட். இரண்டாம் பதிப்பில் முதல் போர்ட் எப்போதும் வெளியிணைப்புக்கானது, அதாவது வான் போர்ட். அடுத்த இரண்டை வான் ஆகவும் வைக்கலாம், லேன் ஆகவும் வைக்கலாம். கடைசி இரண்டும் உள்ளே இருக்கும் கணினிகளுக்கு. 4ஜி டொங்கிள் செருக ஒரு யுஎஸ்பி போர்ட்டும் உண்டு. வெளிநாட்டில் ஏறத்தாழ 60 டொலருக்கு விற்கும் பொருள், இங்கே வரியும் இலாபமும் சேர்ந்து இன்னும் கூடும். இதில் வைஃபை இல்லை. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஃபைபர் மொடெமில் ஏற்கெனவே வைஃபை இருக்கிறதே, அது போதும் என்று விட்டுவிடுவார்கள். அந்த வைஃபையில் சேரும் போனும் மடிக்கணினியும் ஈஆர்605க்குள் வராமலே நேராக ஃபைபர் வழியாக வெளியே போகின்றன. ஃபைபர் அறுந்தால் அவையும் சேர்ந்தே அறும், பக்கத்தில் 4ஜி மொடெம் விளக்கெரிய நின்றாலும் அவற்றுக்குப் பயனில்லை. ஆகவே இரண்டு மொடெம்களின் வைஃபையையும் அணைத்துவிட்டு, ஈஆர்605இன் லேன் போர்ட்டிலிருந்து ஒரு தனி அக்சஸ் பொயிண்டுக்குக் கேபிள் கொடுக்க வேண்டும். வீட்டில் ஓய்ந்து கிடக்கும் பழைய வைஃபை ரவுட்டரை அக்சஸ் பொயிண்ட் நிலைக்கு மாற்றினாலே போதும், புதிதாக வாங்கத் தேவையில்லை.

இனி அந்த வேகக் கணக்கு. லோட் பேலன்ஸிங் என்பது வேகத்தைக் கூட்டும் ஏற்பாடு அல்ல, தொடர்புகளைப் பிரித்து அனுப்பும் ஏற்பாடு. கொழுந்து மடுவத்தில் நிறுத்த சாக்குகளை இரண்டு லொறிகளில் ஏற்றுவது போன்றது அது. எந்தச் சாக்கு எந்த லொறியில் என்று பிரிக்கலாம், ஒரே சாக்கைப் பாதி பாதியாக இரண்டிலும் போட முடியாது. ஆசிரியர் ஒருவர் சூமில் பாடம் நடத்துகிறார் என்றால் அந்தத் தொடர்பு இரண்டில் ஒரு இணைப்பில் மட்டுமே போகும். ஒரு கோப்பை இறக்கினாலும் அப்படித்தான். ஃபைபர் 25 மெகாபிட், 4ஜி 5 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்துவிட்டால் 30 மெகாபிட் என்று ஒரு தனி ஆளுக்குக் கிடைக்காது. அவருடைய தொடர்பு 25இல் விழலாம், 5இலும் விழலாம். ரவுட்டரின் வான் பக்கத்தில் ஒவ்வொரு இணைப்பின் வேகத்தையும் நாமே எழுதிக் கொடுக்காவிட்டால் இரண்டும் சமம் என்றே அது எடுத்துக்கொண்டு, பாதித் தொடர்புகளை மெதுவான வழியில் தள்ளிவிடும். முன்னர் எல்லாம் ஃபைபரில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில், இரண்டாவது இணைப்பு வந்த பிறகு "சில பக்கம் திறக்குது, சில பக்கம் சுத்திக்கிட்டே இருக்குது" என்ற முறைப்பாடு வருவது இதனால்தான். காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்ட கதை.

இதற்கு மறுப்பு உண்டு, அதில் நியாயமும் உண்டு. இருபது பிள்ளைகள் இருபது கணினிகளில் இருக்கும் பாடசாலைக் கணினிக் கூடத்தில் தொடர்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றை இரண்டு வழிகளில் பிரித்தால் மொத்தக் கூடத்துக்கும் நெரிசல் குறையும். சரிதான், ஆனால் இரண்டு இணைப்புகளும் ஏறக்குறைய ஒரே வேகமுடையவையாக, இரண்டும் டேட்டா அளவுக் கட்டுப்பாடு இல்லாதவையாக இருக்க வேண்டும். ஊவாவில் அப்படி அமைவது அபூர்வம். இரண்டாவதாக எடுப்பது பெரும்பாலும் மாதத்துக்கு இத்தனை ஜிகாபைட் என்று எண்ணித் தரும் 4ஜி. அதைச் சமமாகப் பிரித்து ஓடவிட்டால் மாதத்தின் நடுவிலேயே டேட்டா தீர்ந்துவிடும். பிறகு ஃபைபர் அறும் அன்று கையில் ஒன்றும் இருக்காது. அதோடு வங்கித் தளங்களும் சில அரச தளங்களும், ஒரே ஆள் ஒரு நிமிடம் ஒரு முகவரியிலிருந்தும் அடுத்த நிமிடம் இன்னொன்றிலிருந்தும் வந்தால் சந்தேகப்பட்டு வெளியே தள்ளிவிடும். ஈஆர்605இல் 'அப்ளிகேஷன் ஒப்டிமைஸ்ட் ரூட்டிங்' என்ற தெரிவு இதற்காகவே இருக்கிறது. ஒரு கணினி ஒரு தளத்துக்கு எந்த வழியில் போனதோ அதே வழியை அது நினைவில் வைத்துக்கொள்ளும். சமப்படுத்தித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் அந்தத் தெரிவை அணைக்கவே கூடாது.

வேகமா, அறாமல் இருப்பதா என்ற கேள்விக்கு ஊவாவின் அண்மை வரலாறே பதில் சொல்லியிருக்கிறது. 2021இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியிருந்தபோது, லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் பெரியவர்களின் துணையோடு காட்டுக்குள் மலையேறி, தரையிலிருந்து சுமார் 30 அடி உயரத்தில் மரத்தில் கட்டிய குடிலில் இருந்து பாடங்களைப் போனில் இறக்கிக்கொண்டதை உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. பொஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியரும் மாணவரும் 3 கிலோமீற்றருக்கு மேல் காட்டு வழியில் நடந்தார்கள். அந்தப் பிள்ளைகள் தேடியது அதிவேகத்தை அல்ல, ஒரு கோடு சிக்னலை. 2025 நவம்பர் 28இல் டித்வா புயல் இலங்கைக்குள் வந்தபோது நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மண்சரிவால் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. பாதைகள் இடிந்தன, மின்சாரம் போனது, தொலைபேசி போனது. தோட்டத்தில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைக்குத் தெரியாமல் போன நாட்கள் அவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுப்பதும், தோட்டத்துக்கு வெளியுலகத்தோடு தொடர்பு அறுவதும் ஒரே இரவில்தான் நடக்கின்றன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைக் கண்ட ஒரு மாவட்டத்தில், அந்த இரவுக்கு ஒரு வழி திறந்திருப்பதை வசதி என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

புயல் இல்லாத நாளையும் பாருங்கள். பரீட்சைப் பெறுபேறு, பல்கலைக்கழக விண்ணப்பம், அஸ்வெசும நலன்புரி உதவி விபரம், கடவுச்சீட்டு விண்ணப்பம் எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. தோட்டத்தில் இருப்பவர் பஸ் ஏறிப் பசறைக்கோ ஹாலி-எலைக்கோ வந்து ஒரு கொமினிகேஷன் கடையில் உட்காருகிறார். அன்று "லைன் இல்லை, நாளைக்கு வாங்க" என்றால் அவருக்கு ஒரு நாள் பேரும், அதாவது அன்றைய சம்பளமும், பஸ் காசும் போகிறது. அந்தக் கடையில் 100 மெகாபிட் இருப்பதைவிட எல்லா நாளும் 3 மெகாபிட் இருப்பது அவருக்குப் பெரிது. விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்ப 3 மெகாபிட் தாராளம்.

சரி, காத்திருக்கும் இணைப்பாக எப்படி அமைப்பது? முதல் வேலை முகவரி மோதலைத் தீர்ப்பது. ஃபைபர் மொடெமும் சில 4ஜி ரவுட்டர்களும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு வருகின்றன. இரண்டையும் அப்படியே செருகினால் ஈஆர்605க்கு எது எது என்று புரியாது. ஒன்றை 192.168.1.1 என்றே விட்டு, மற்றதை 192.168.8.1 என்று மாற்ற வேண்டும். ஈஆர்605 தானே 192.168.0.1இல் இருப்பதால் அந்த வரிசையையும் தொடக்கூடாது. பிறகு 'டிரான்ஸ்மிஷன்' பகுதிக்குள் 'லோட் பேலன்ஸிங்' பக்கத்தைத் திறந்தால் அதில் 'லிங்க் பேக்கப்' என்று ஒரு தாள் இருக்கும். முதன்மை வான் எது, மாற்று வான் எது என்று கேட்கும். ஃபைபரை முதன்மையாகவும் 4ஜியை மாற்றாகவும் கொடுத்து 'ஃபெயிலோவர்' முறையைத் தெரிவு செய்தால் அந்தப் பக்கத்து வேலை முடிந்தது. அதே இடத்தில் 'டைமிங்' என்று இன்னொரு முறையும் உண்டு, குறித்த நேரத்துக்கு மட்டும் மாற்று இணைப்பைத் திறந்துவிடும். நள்ளிரவுக்குப் பின் தனியாக டேட்டா தரும் பொதி எடுத்திருப்பவர்களுக்கு அது உதவலாம், மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

உண்மையான சூட்சுமம் அதற்கு அடுத்த தாளில் இருக்கிறது: 'ஒன்லைன் டிடெக்ஷன்'. ஃபைபர் அறுந்துவிட்டது என்று ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? கேபிள் வழியாக அது பார்ப்பது மொடெமை மட்டும்தான். அப்புத்தளைக்கும் பெரகலைக்கும் இடையில் மரம் விழுந்து கம்பி அறுந்தாலும் மேசைமேல் இருக்கும் மொடெமுக்குக் கரண்ட் இருக்கிறது, கேபிள் இருக்கிறது, போர்ட்டின் பச்சை விளக்கும் எரிகிறது. ரவுட்டர் எல்லாம் நலம் என்று நம்பி, செத்த வழியிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். 'ஓட்டோ' என்று விட்டால், தளப் பெயர்களை முகவரியாக்கித் தரும் அந்த இணைப்பின் டிஎன்எஸ் சேர்வரைக் கேட்டுப் பார்க்கும். மொடெம் தன் முகவரியையே டிஎன்எஸ் என்று கொடுத்திருந்தால் அந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது. ஆகவே 'மெனுவல்' என்று மாற்றி, மலைக்கு வெளியே இருக்கும் முகவரியைக் கொடுக்க வேண்டும்: பிங் செய்ய 8.8.8.8, டிஎன்எஸ் கேட்க 1.1.1.1. அங்கிருந்து பதில் வந்தால்தான் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டு எண்களை எழுதாமல் விட்ட இரட்டை இணைப்பு, மழை நாளில் கைகொடுக்கும் என்று நம்ப இடமில்லை.

சோதிக்கும் முறையும் இதிலிருந்தே வருகிறது. பொருத்தித் தர வருபவர்கள் வழக்கமாக வான் போர்ட்டிலிருந்து கேபிளை உருவிக் காட்டி, "பாருங்க, மாறிடுச்சு" என்பார்கள். கேபிளை உருவினால் எந்த மலிவுப் பெட்டியும் மாறும், அது சோதனையே அல்ல. மொடெமின் பின்னால் பச்சைத் தலையோடு செருகியிருக்கும் மெல்லிய ஒளியிழையை மெதுவாகக் கழற்ற வேண்டும். முனையைத் தொடக்கூடாது, உடனே மூடியைப் போட வேண்டும். 'லொஸ்' என்ற விளக்கு சிவப்பாக மின்னும், மொடெமும் கேபிளும் மட்டும் உயிரோடு இருக்கும். உண்மையில் மரம் விழும் நாளில் நடப்பது இதுதான். இந்த நிலையில் ரவுட்டர் தானாக 4ஜிக்குப் போனால் அமைப்பு சரி. மாறும்போது சிறு இடைவெளி வரும், சூம் அறுந்து மீண்டும் சேரும். வங்கியில் பாதியில் நின்ற கொடுப்பனவுக்குத் திரும்ப உள்நுழைய வேண்டும், ஏனென்றால் வெளியில் தெரியும் ஐபி முகவரியே மாறிவிட்டது. இந்தத் தடங்கலை இந்த விலைப் பெட்டி எதிலும் தவிர்க்க முடியாது. காற்றில் கம்பி ஆடி, இணைப்பு நிமிடத்துக்கு ஒருமுறை வந்து போய்க்கொண்டிருந்தால், அன்று முழுக்க ஃபைபர் கேபிளை உருவி வைத்துவிடுவதே நிம்மதி.

அடுத்தது, இரண்டாவதாக யாரை எடுப்பது. இங்கேதான் பலருடைய காசு வீணாகிறது. இரண்டு சந்தா இருப்பதால் இரண்டு வழி இருக்கிறது என்று ஆகாது. ஸ்ரீலங்கா டெலிகொமும் மொபிடெலும் 2021 முதல் எஸ்எல்டி-மொபிடெல் என்ற ஒரே பெயரில் இயங்குகின்றன. எதிசலாட் 2018இல் ஹட்சோடு சேர்ந்தது. எயார்டெல் லங்கா 2024இல் டயலொக்கோடு சேர்ந்தது. ஆகவே பழைய எயார்டெல் சிம்மையும் டயலொக் சிம்மையும் வைத்திருப்பவர் இரண்டு கம்பனிகளை நம்பியிருப்பதாக நினைத்துக்கொண்டு ஒன்றையே நம்பியிருக்கிறார். எஸ்எல்டி ஃபைபர் இருக்கும் இடத்தில் மாற்றாக டயலொக் அல்லது ஹட்ச் 4ஜி எடுப்பது, வீட்டில் டயலொக் இருந்தால் மாற்றாக மொபிடெல் எடுப்பது என்பது முதல் விதி. அதுவும் முழு உத்தரவாதமல்ல. கம்பனிகள் கோபுரங்களைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். பேராதனையிலிருந்து நுவரெலியா வழியாகப் பதுளைக்கு வந்து பசறை, லுணுகலை, பிபிலை என்று போகும் ஏ5 பாதையையும், பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி-எலைக்கு வரும் ஏ16 பாதையையும் போல இந்த மலைகளுக்குள் வரும் பெரிய வழிகள் எண்ணிச் சொல்லக்கூடியவைதான். கம்பி போகும் இடமும் பெரும்பாலும் பாதையோரம்தான். ஒரே சரிவில் இருவருடைய கம்பியும் போகலாம். ஒரு இணைப்பு அறுந்த நாளில் மற்றக் கம்பனியின் சிம் வேலை செய்ததா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு கொப்பியில் குறித்து வைத்தால், எந்த விளம்பரத்தைவிடவும் அந்தக் குறிப்பு சரியான பதிலைத் தரும்.

டொங்கிளா, தனி 4ஜி ரவுட்டரா என்று கேட்டால் தனி ரவுட்டர்தான். யுஎஸ்பி டொங்கிள் ரவுட்டரின் உடம்போடு ஒட்டியிருக்கும். ரவுட்டர் காரியாலயத்தின் மூலையில் இருந்தால் சிக்னலும் அந்த மூலையில் கிடைப்பதுதான். தோட்டங்களில் சிக்னல் நிலை இடத்துக்கு இடம் மாறும். நமுனுகுலை மலை பார்த்த ஜன்னலில் நான்கு கோடு, எதிர்ச் சுவரில் ஒன்றுமில்லை என்பது சாதாரணம். தனி 4ஜி ரவுட்டரை அந்த ஜன்னலில் வைத்து ஈதர்நெட் கேபிளால் இழுத்துவரலாம், 100 மீற்றர் வரை போகும். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை இங்கே கடுமையானது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு வெட்டவெளியில் செப்புக் கேபிள் இழுத்தால் மின்னல் அதன் வழியே உள்ளே வந்து போர்ட்களை எரித்துவிடும். கட்டடம் தாண்ட வேண்டுமென்றால் இருபுறமும் மீடியா கொன்வேர்ட்டர் வைத்து நடுவில் ஃபைபர் துண்டு போடுவது பாதுகாப்பு. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது.

இவ்வளவும் செய்துவிட்டுக் கரண்டை மறந்தால் எல்லாம் பாழ். 2022இல் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9இல் நாடே ஒரே நேரத்தில் இருண்டதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிளை முறிந்து தோட்டத்துக்கு வரும் லைன் போவது அதைவிட அடிக்கடி நடப்பது. மின்சாரம் இல்லாவிட்டால் இரண்டு இணைப்பும் ஒரே நேரத்தில் சாகும். ஃபைபர் மொடெம், 4ஜி ரவுட்டர், ஈஆர்605, அக்சஸ் பொயிண்ட் எல்லாம் சேர்ந்து சுமார் 30 வொட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி கொண்ட சாதாரண யூபிஎஸ் பெட்டரியில் இருப்பது 84 வொட்-மணி. கணக்குப்படி மூன்று மணி நேரம் போல் வந்தாலும், மாற்றும்போது போகும் இழப்பையும் ஈய அமிலப் பெட்டரியை முழுதாக வற்றவிடக் கூடாது என்பதையும் கழித்தால் கையில் நிற்பது ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரி என்றால் சுமார் 250 வொட்-மணி, ஓர் இரவின் பெரும்பகுதி ஓடும். வேகமான பொதிக்கு மாதாமாதம் கட்டும் மேலதிகக் காசை ஒரு வருடம் சேர்த்து இந்தப் பெட்டரியில் போடச் சொல்வேன். பொதியின் வேகம் வெயில் நாளில் இனிக்கும், பெட்டரி மழை நாளில் பேசும்.

இந்த இடத்தில் ஈஆர்605க்கு ஒரு போட்டிப் பெட்டி இருக்கிறது: மைக்ரோடிக் ஹெக்ஸ், ஆர்பி750ஜிஆர்3 என்ற மாதிரி. 8 முதல் 30 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் 12 வோல்ட் பெட்டரியில் நேரே பூட்டலாம், சூரிய மின்சாரத்தில் ஓடும் தோட்டப் பிரிவுக்கு அது பெரிய சௌகரியம். அதில் செய்ய முடியாத காரியமும் குறைவு. ஆனால் படிக்காமல் தொட்டால் வழுக்கும். இரண்டு பாதைகளை எழுதி, 'செக் கேட்வே' என்ற தெரிவைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். அது பிங் செய்வது பக்கத்தில் இருக்கும் மொடெமை மட்டுமே, மொடெமோ எப்போதும் பதில் சொல்லும். வெளியுலக முகவரியைப் பார்த்து முடிவெடுக்க வைக்கப் பாதைக்குள் பாதை எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் பதுளையிலேயே பக்கத்தில் இருந்தால் ஹெக்ஸ் வாங்கலாம். பாடசாலையில் கணினி ஆசிரியரும், டிஸ்பென்சரியில் உத்தியோகத்தரும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையென்றால் ஈஆர்605தான் ஏற்றது. பக்கங்களைத் திறந்து பெட்டிகளை நிரப்பினால் போதும்.

இதெல்லாம் எதற்கு, போனில் ஹொட்ஸ்பொட் போட்டால் முடிந்ததே என்பது அடுத்த மறுப்பு. ஒரு குடும்பத்துக்கு அது சரியான பதில், மறுக்கவே மாட்டேன். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் இந்தப் பெட்டிக்கு மட்டும் 18,000 ரூபாய். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது 13 நாள் உழைப்புக்கு மேலாக இருந்தது. லயத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இதை யாரும் விற்க வரக்கூடாது. இரண்டு சிம் போடும் போனில் இரண்டாவது கம்பனியின் சிம் ஒன்றைப் போட்டு வைத்தால் அவர்களுக்கு அதே காப்பு கிடைக்கிறது. ரவுட்டர் வேண்டியது பலருக்காக ஒருவர் நடத்தும் இடங்களுக்கு: பாடசாலை, தோட்ட வைத்திய நிலையம், தோட்டக் காரியாலயம், கொமினிகேஷன் கடை, நெணசல போன்ற பொது நிலையம். அங்கே ஹொட்ஸ்பொட் என்பது யாரோ ஒருவருடைய சொந்தப் போன். அவர் வீட்டுக்குப் போனால் இணைப்பும் அவரோடு போய்விடும். இரவு பத்து மணிக்கு ஃபைபர் அறுந்தால் அதைக் கவனித்துப் போனை எடுக்க அங்கே ஆள் இருக்க மாட்டார்.

2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாதையோரக் கம்பியையும் கோபுரத்தையும் நம்பாத வழி அது. நான் சொன்ன 'வேறு வழி' என்ற இலக்கணத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் 2025இல் தொடங்கியபோதே மாதக் கட்டணம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது, கருவிக்குத் தனியாகப் பெருந்தொகை கட்ட வேண்டியிருந்தது. பள்ளத்தாக்கிலும் நிழல் மரங்களுக்குக் கீழும் வானம் போதிய அளவு தெரியாது. சாதாரணக் கருவி 75 முதல் 100 வொட் வரை எடுப்பதால் மேலே சொன்ன 250 வொட்-மணிப் பெட்டரி அதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது. தனியொரு பாடசாலைக்கு இது கட்டாது. ஒரு தோட்டக் கம்பனியோ பிரதேச செயலகமோ அனர்த்த காலத்துக்கென்று ஒன்றை எடுத்து, ஈஆர்605இன் மூன்றாவது வான் போர்ட்டில் செருகி வைத்தால் அது அர்த்தமுள்ள செலவு.

இன்னும் ஒரு அமைப்பைச் சொல்ல வேண்டும், மாற்று இணைப்பின் டேட்டாவைக் காப்பாற்றுவது அதுதான். ஃபைபர் போனதும் உள்ளே இருக்கும் எல்லாக் கருவியும் 4ஜிக்குப் பாயும். யாரும் கேட்காமலே கமராக்கள் படம் அனுப்பும், கணினிகள் விண்டோஸ் அப்டேட் இறக்கும். 'பொலிசி ரூட்டிங்' பக்கத்தில் கமராக்களின் முகவரியையும் அவசரமில்லாத மற்றக் கணினிகளின் முகவரியையும் கொடுத்து, வழி ஃபைபர் செருகிய வான்1, முறை 'ஒன்லி' என்று எழுதினால் ஃபைபர் இல்லாத நேரம் அவை வாயை மூடிக்கொண்டிருக்கும். 'பிரையோரிட்டி' என்று வைத்துவிடக் கூடாது, அது அவற்றையும் 4ஜிக்கு விட்டுவிடும். அதிபரின் கணினி, மருந்து விபரம் ஏற்றும் கணினி, எச்சரிக்கை வரும் போன் ஆகியவை மட்டும் மாற்று வழியில் போகட்டும்.

அமைத்து முடிந்ததும் 'பேக்கப் அன்ட் ரீஸ்டோர்' பக்கத்தில் முழு அமைப்பையும் ஒரு கோப்பாக இறக்கி யுஎஸ்பியில் போட்டு வைக்க வேண்டும். பெட்டி எரிந்து புதிது வந்தால், அதே மாதிரியும் பதிப்பும் என்றால், அதை ஏற்றியவுடன் வேலை முடியும். கடவுச்சொல்லை ஒருவர் மட்டும் வைத்திருப்பது ஆபத்து, ஆசிரியர்களுக்கு இடமாற்றம் வரும். எந்த மொடெம் எந்தப் போர்ட்டில், 4ஜி சிம்மின் எண் என்ன, அதன் பொதி எந்தத் தேதியில் முடிகிறது என்று ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டலாம். மாதங்களாகச் சும்மா இருந்த சிம்மின் பொதியைப் புதுப்பிக்க யாருக்கும் நினைவு வருவதில்லை. ஃபைபர் போன நாளில் ரவுட்டர் ஒழுங்காக 4ஜிக்கு மாறி, அங்கே டேட்டா இல்லாமல் நிற்பதற்கு முக்கியக் காரணம் அதுதான். ஒக்டோபர் மழை தொடங்குமுன் ஒளியிழையைக் கழற்றிச் சோதிக்கும்போதே அந்தத் தேதியையும் பார்த்துப் பொதியை நீடித்துவிட வேண்டும்.